ஊசியும் நூலும் இல்லாமல் கப்பலேறாதீர்கள்!

பின்னல் தெரிந்தவர்களுக்குச் சொர்க்கம் எங்கே என்று யாராவது கேட்டால் யோசிக்காமல் சொல்வேன்: அலாஸ்கா போகும் கப்பலில், முன்பக்கக் கண்ணாடி லவுஞ்சில், ஜன்னலோர நாற்காலியில்!

குன்னூர்க் குளிரில் பின்னக் கற்றவள் நான். சியாட்டிலில் இருக்கும் மகளோடு ஒரு ஜூன் மாதம் கப்பலேறினேன். அலாஸ்காவின் தென்கிழக்குத் தீவுகளுக்கு நடுவே கப்பல் புகுந்துவிட்டால் இரண்டு பக்கமும் ஸ்ப்ரூஸ், ஹெம்லாக் காடு, அதற்கு மேலே பனிமலை, நடுநடுவே திமிங்கிலம் ஊதும் நீர்த்தூறல். கண்ணுக்கு ஒரு நிமிஷம் ஓய்வில்லை. கைக்கோ வேலையே கிடையாது. அந்தக் கையில் இரண்டு ஊசியைக் கொடுத்துப் பாருங்கள், அப்புறம் தெரியும் கப்பல் பயணம் என்றால் என்னவென்று!

ஆனால் பார்க்காமலே பின்னக்கூடியதாக எடுத்துப் போக வேண்டும். இதை எத்தனை அழுத்திச் சொன்னாலும் தகும். வரிசைக்கு வரிசை சார்ட் பார்க்க வேண்டிய லேஸ் சால்வையெல்லாம் வீட்டில் இருக்கட்டும். முதல் நாள் முழுக்கத் திறந்த பசிபிக். கப்பல் மெல்ல ஏறி இறங்கும். குனிந்து மடியைப் பார்த்துக்கொண்டிருந்தால் வயிறு புரட்டும், தொடுவானத்தைப் பார்த்தால் அடங்கும். நான் எடுத்துப் போனது விரல் மூடாத கையுறைக்கு 50 கிராம் மெரினோ நூல், சாம்பலும் நீலமும் கலந்த நிறம். 40 ஸ்டிட்ச், 2 நிட், 2 பர்ல், சுற்றிச் சுற்றி அதேதான். நிட்டிலிருந்து பர்லுக்கு மாறும்போது நூல் ஊசிக்கு முன்னால் வர வேண்டும். அதைக் கட்டைவிரலே பார்த்துக்கொள்ளும். புடைத்து நிற்கும் நிட், உள்வாங்கிய பர்ல், இரண்டும் விரல்நுனிக்குத் தனித்தனியாகத் தெரியும். கண் கடலைவிட்டு அகலவே வேண்டாம்!

ஊசி 80 சென்டிமீட்டர் சர்க்குலர். நடுவே ஒயர் ஓடுவதால் எழுந்து ஓடினாலும் ஸ்டிட்ச் நழுவாது. திமிங்கிலம் என்று யாராவது கத்தினால் ஓடத்தானே செய்வோம்? முனைகள் மூங்கிலாக இருந்தால் இன்னும் நல்லது. குளிரில் கையைச் சில்லிட வைக்காது, தரையில் விழுந்தாலும் சத்தம் போடாது.

இதெல்லாம் கைப்பையில்தான் இருக்க வேண்டும். துறைமுகத்தில் கொடுத்த பெரிய பெட்டி அறை வாசலுக்கு வந்துசேரப் பொழுது சாய்ந்துவிடும். கரை விலகும் அந்த அருமையான நேரத்தைக் கையைக் கட்டிக்கொண்டு கழிப்பதா? அமெரிக்க விமான நிலையங்களில் பின்னல் ஊசியைக் கைப்பையில் கொண்டுபோகலாம். கத்தரிக்கோல் மட்டும் திருகாணியிலிருந்து முனைவரை 4 அங்குலத்துக்குள் அடங்க வேண்டும். பால்கனியில் உட்கார்ந்து பின்ன ஆசைப்படாதீர்கள், காற்று நூலைப் பிடுங்கும்.

அப்புறம் அந்த வெளிச்சம்! ஜூன் மாதத்தில் ஜூனோவில் சூரியன் மறைய இரவு 10 மணி ஆகிறது. கருநீல நூலைக்கூடச் சாப்பாட்டுக்குப் பிறகு விளக்கில்லாமல் பின்னலாம்.

ஜூனோவுக்கு வெளியூரிலிருந்து சாலையே கிடையாது. கப்பலில் வரவேண்டும், இல்லாவிட்டால் விமானத்தில். அங்கே இறங்கியதும் நூல்கடைக்கு ஓடாமல் முதலில் அலாஸ்கா மாநில அருங்காட்சியகத்துக்குப் போங்கள். அந்தப் பகுதிப் பழங்குடிகளான டிலிங்கிட் மக்களின் சில்காட் போர்வையின் முன்னால் நான் அசையாமல் நின்றேன். மலை ஆட்டின் ரோமமும் மஞ்சள் சீடர் மரப்பட்டையும் சேர்த்து முறுக்கிய பாவு. மேலே ஒரே ஒரு கட்டை, கீழே நூல்கள் சும்மா தொங்குகின்றன. நாடா ஓட்டுவதில்லை, விரலாலேயே நெசவு. நெசவில் வட்டம் கொண்டுவருவது எவ்வளவு பாடு என்று நூலோடு பழகிய எவருக்கும் தெரியும். இங்கே கண்ணும் முகமுமாக வளைவுகள் அப்படியே உருண்டு நிற்கின்றன! குளுக்வான் கிராமத்தின் ஜென்னி த்லுனாட் இந்தக் கலையைக் காப்பாற்றி அடுத்த தலைமுறைக்குக் கொடுத்தவர். 1986-இல் அமெரிக்காவின் தேசிய மரபுக்கலை விருது பெற்றார். அவர் பெயரை ஜூனோ போகும் ஒவ்வொரு பின்னல்காரியும் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

அன்றிரவே இரண்டாவது கையுறையையும் முடித்துவிட்டேன். மறுநாள் கிளேசியர் பே. பூங்காவின் ரேஞ்சர்கள் கப்பலிலேயே ஏறி விளக்கம் சொல்கிறார்கள். மார்ஜரி பனியாற்றின் முகப்பு நீலமாக நிற்கிறது. இறுகிய பனி சிவப்பு ஒளியை விழுங்கிவிடுவதால் வரும் நீலம். ஊரெல்லாம் ஜேப்பில் கையை விட்டுக்கொண்டு நடுங்க, நான் என் கையுறையோடு கம்பியைப் பிடித்துக்கொண்டு, விரல்கள் வெளியே இருப்பதால் பைனாகுலரையும் திருகிக்கொண்டு நின்றேன். முந்தாநாள் நூல்கண்டாக இருந்தது, இன்று மணிக்கட்டைச் சூடாக வைத்திருக்கிறது! மகள் பார்த்துவிட்டு, "அம்மா, எனக்கும் ஒண்ணு போட்டுக் கொடேன்" என்றாள்.

கெட்சிகன் துறைமுகத்தில் இறங்கினால் ஒரே மழை, எப்போதுமே அப்படித்தானாம். நனைந்துகொண்டே போய்க் கிவியூட் வாங்கினேன். கஸ்தூரி எருதின் அடிமயிர் அது; வெட்டுவதில்லை, வசந்தத்தில் தானாகக் கழன்று வருவதைச் சீப்பால் வாரி எடுக்கிறார்கள். ஒரு அவுன்ஸ், அதாவது வெறும் 28 கிராம், விலை தலையைச் சுற்ற வைக்கும், வாங்குங்கள்! இலவம்பஞ்சைத் தொட்ட மாதிரி இருக்கிறது, ஆட்டு ரோமத்தைவிட எத்தனையோ மடங்கு கதகதப்பு, துவைத்தாலும் சுருங்காது. அலாஸ்காவில் அடியோடு அழிந்துபோன இந்த எருதுகளை 1930-இல் கிரீன்லாந்திலிருந்து கொண்டுவந்து மறுபடி பெருக்கினார்கள். 1969 முதல் ஆங்கரேஜில் பழங்குடிப் பெண்களின் கூட்டுறவுச் சங்கம் ஒன்று இந்த நூலில் பின்னி விற்கிறது. கிராமத்துக்கு ஒரு டிசைன். பார்த்தவுடனே எந்த ஊர்க்காரி கை என்று சொல்லிவிடலாம்.

திரும்பும் வழியில் லவுஞ்சில் பின்னல் மேஜை நிரம்பிவிட்டது. ஒரு கனடாக்காரப் பாட்டி நூலை இடதுகை விரலில் சுற்றிக்கொண்டு பர்ல் போடுகிற வேகம்! பக்கத்தில் உட்கார்த்தி எனக்கும் கற்றுக்கொடுத்தார். மகளுக்கான ஜோடியை அந்த முறையில்தான் ஆரம்பித்திருக்கிறேன்.

அடுத்தது நார்வே, பெர்கனிலிருந்து கிர்கெனெஸ் வரை கரையோரமாகவே போகும் கப்பல். எட்டு முனை நட்சத்திரம் போட்ட செல்பு கையுறையின் நாடு அது. கறுப்பு நூலும் வெள்ளை நூலும் வாங்கியாயிற்று, டிக்கெட்தான் பாக்கி.