யாருடைய குங்குமம்?

நீலகண்ட பிரம்மச்சாரியின் ரகசியச் சங்கத்தில் சேர ஒரு சடங்கு உண்டு. காளி படத்தின் முன், வெள்ளையன் ரத்தமென்று குங்குமத் தண்ணீர் குடிக்க வேண்டும். விரலைக் கீறி ரத்தக் கைநாட்டு வைக்க வேண்டும். ஆஷ் கொலையை அடுத்து 1911இல் நடந்த நெல்லைச் சதி வழக்கில் அப்ரூவர்கள் சொன்ன விவரம் இது. 1989இல் பாஸ்டன் அருகே எஃப்பிஐ ஒட்டுக்கேட்ட மாஃபியாச் சடங்கிலும் விரல் ரத்தம் உண்டு, எரியும் புனிதர் படம் உண்டு. நோக்கம் முற்றிலும் வேறு. கூடியவர்கள் மட்டும் அங்கேயும் ஆண்கள்.

நெல்லைச் சடங்கைப் பற்றி எழுதுகிறவர்கள் சிலிர்க்கிறார்கள். நாரணாபுரத்தில் பட்டாசு விபத்துக்குப் பின் பெண்களின் குங்குமம் அழிக்கப்படுவதைப் பார்த்து வளர்ந்த எனக்குச் சிலிர்க்கவில்லை. காளி இருந்தாள், குற்றஞ்சாட்டப்பட்ட 14 பேரும் ஆண்கள். ஆஷைச் சுட்டுவிட்டுத் தன்னையும் சுட்டுக்கொண்ட வாஞ்சியின் மனைவி பொன்னம்மாளுக்கு, நான் படித்த நூல்களில் கிடைத்தது ஓரிரு வரிகள்.