சிதம்பரத்துக் குரலுக்கு எந்த முள்?

சிதம்பரத்தில் பிறந்த சி. எஸ். ஜெயராமனின் குரல் தனி ரகம். மூக்கோசை கலந்த கனத்த சாரீரம். 'பராசக்தி' (1952), 'ரத்தக் கண்ணீர்' (1954) பாடல்களைக் கேட்டவர்கள் அதை வேறெந்தக் குரலோடும் குழப்பிக்கொள்ள மாட்டார்கள். ஆனால் அந்தக் காலத்து 78 சுழற்சித் தட்டை இன்றைய டர்ன்டேபிளில் வைத்து, கூடவே வந்த கார்ட்ரிட்ஜிலேயே ஓட்டினால் அந்தக் கனம் போய்ச் சலசலப்புதான் மிஞ்சும். தட்டு தேய்ந்துவிட்டது என்று பரணில் ஏற்றிவிடுகிறார்கள். பல வேளைகளில் குற்றம் தட்டின் மேல் இல்லை, முள்ளின் மேல்தான்.

எல்பி முள்ளின் முனை ஆரம் சுமார் 0.7 மில், அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மில். 78 தட்டின் பள்ளம் அகலம், அதற்கு 3 மில் முள் வேண்டும். மெல்லிய முள் பாட்டு பதிந்திருக்கும் சுவர்களில் பொருந்தி உட்காராமல் அடிமட்டத்துக்கு இறங்கிவிடும். அங்கே கிடப்பது பல காலப் புழுதியும் பழைய எஃகு ஊசிகள் விட்டுப்போன துகளும்தான்.

ரசனையின் நுட்பம் இதற்கு அடுத்த படியில் இருக்கிறது. கிராமபோனின் எஃகு ஊசி சுவர் முழுவதையும் தேய்ப்பதில்லை. தான் தொட்ட உயரத்தை மட்டும் அரித்திருக்கும். ஆகவே அதே தட்டில் 2.5 மில் முள்ளையோ 3.5 மில் முள்ளையோ வைத்துப் பார்த்தால், சற்றுக் கீழேயோ மேலேயோ தேயாத சுவர் அகப்படலாம். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் நாகஸ்வரத் தட்டு ஒன்று கைக்கு வந்தால், குப்பை என்று ஒதுக்குமுன் இந்தச் சோதனையைச் செய்தே ஆக வேண்டும்.

எல்பியும் 78-ம் கலந்திருக்கும் வீட்டுக்கு ஆடியோ டெக்னிகாவின் விஎம்95 வரிசை நல்ல தேர்வு. உடல் ஒன்றுதான், முள்ளை மட்டும் கழற்றி மாற்றலாம். எல்பிக்கு நீள்வட்ட முனை, சுமார் 2 கிராம் அழுத்தம். 78-க்கு எஸ்பி முள், சுமார் 5 கிராம். டெனான் டிஎல்-103 பெயர்பெற்ற கார்ட்ரிட்ஜ்தான். ஆனால் அதன் முள்ளை வீட்டில் மாற்ற முடியாது, 0.3 மில்லிவோல்ட் வெளியீட்டுக்கு ஏற்ற ஆம்ப்ளிஃபயரும் வேண்டும்.

கடலூர் போன்ற கடலோர ஊரில் இன்னொரு கவனம் தேவை. ஈரக்காற்றில் தட்டில் பூஞ்சை பிடிக்கும். கார்ட்ரிட்ஜின் பின்புறச் சின்னஞ்சிறு கம்பிமுனைகள் களிம்பேறி ஒரு பக்க ஒலி விட்டுவிட்டு வரும். பூஞ்சையைத் துடைக்க ஆல்கஹால் கலந்த எதையும் 78 தட்டில் தொடவே கூடாது. அது அரக்கால் ஆனது, கரைந்துவிடும்.

'நந்தனார்' (1942) படத்தின் நாயகன் எம். எம். தண்டபாணி தேசிகர், பின்னாளில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் இசைத்துறைத் தலைவர். அவருடைய 78 தட்டைப் போடும்போது இரு பக்க ஒலியையும் மோனோவாக இணைத்துவிட வேண்டும். பாட்டு பக்கவாட்டு அசைவில் மட்டுமே பதிந்திருப்பதால் முள்ளின் மேல்கீழ் அசைவில் எழும் இரைச்சல் பெரிதும் அடங்கிவிடும். மேல் ஸ்தாயிக் கார்வையில் குரல் பிசிறினால், தட்டுக்கு வலிக்கும் என்று அழுத்தத்தைக் குறைக்க வேண்டாம். தயாரிப்பாளர் சொன்ன வரம்புக்குள் கால் கிராம் கூட்டிப் பார்க்கலாம். பிடிப்பில்லாமல் துள்ளும் முள்தான் சுவரை அதிகம் சிதைக்கிறது.