ஆரஞ்சு கவுண்டியின் நீர்த் திட்டம்: ஒரு மதிப்பீடு

அமெரிக்காவில் கலிஃபோர்னியா மாநிலத்தின் தென்பகுதியில் ஆரஞ்சு கவுண்டி இருக்கிறது. கவுண்டி என்பது ஏறக்குறைய நம் மாவட்டம் போன்ற ஓர் ஆட்சிப் பிரிவு. அதன் நீர்த் திட்டத்தைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் அங்குள்ள சவ்வுகளையே புகழ்கிறார்கள். ஒரு பக்கம் சாக்கடை நீர் நுழைகிறது, மறுபக்கம் தெளிந்த நீர் வருகிறது, என்னே அறிவியல்! இப்புகழ்ச்சி பொய்யன்று. ஆனால் புகழ வேண்டியது வேறொன்று என்பது என் கருத்து.

சவ்வு முறை அவ்வூருக்குப் புதிதன்று. நிலத்தடி நீரை அளவுக்கு மீறி இறைத்ததால் கடல்நீர் உள்ளே புகுந்தது. அதைத் தடுக்க, 1976-ஆம் ஆண்டிலேயே 'நீர்த் தொழிற்சாலை 21' என்னும் நிலையம் கழிவுநீரைத் தூய்மை செய்து, கடலோரக் கிணறுகள் வழியே நிலத்துக்குள் செலுத்தத் தொடங்கிற்று. நன்னீரால் எழுப்பிய ஒரு சுவர் என்று அதைச் சொல்லலாம்.

1990-களில் அங்கே இரண்டு வாரியங்கள் இரண்டு தலைவலிகளோடு இருந்தன. நிலத்தடி நீரைக் காக்கும் வாரியத்துக்கு அந்தச் சுவரை வலுப்படுத்த மேலும் நீர் தேவைப்பட்டது. கழிவுநீர் வாரியத்துக்கோ, பெருகும் கழிவுநீரைக் கடலில் கொண்டுபோய்விட இரண்டாவதாக ஒரு பெருங்குழாய் போட வேண்டிய நிலை. ஒருவருக்கு நீர் போதவில்லை. பக்கத்து வீட்டுக்காரருக்கோ நீர் மிகுதி! எந்த நாட்டிலும் இத்தகைய இடத்தில் இரண்டு கோப்புகள் தனித்தனியே நகரும். இங்கே இரு வாரியங்களும் செலவைப் பகிர்ந்து ஒரே திட்டமாக்கின. இரண்டாவது கடற்குழாய் வேண்டாமற் போயிற்று. பாராட்ட வேண்டிய இடம் இதுதான்.

2008-இல் நாளொன்றுக்குச் சுமார் 26 கோடி லிட்டருடன் தொடங்கிய நிலையம், 2015-இல் 38 கோடிக்கும் 2023-இல் 49 கோடிக்கும் விரிந்தது. கிடைக்கும் நீர் மிகவும் தூய்மையானது. குழாயின் சிமெண்டையே அரித்துவிடும் என்பதால் அதில் சுண்ணாம்பு சேர்க்கிறார்கள்! அது நேரே வீட்டுக் குழாய்க்குப் போவதில்லை. நிலத்துக்குள் இறங்கி, பின்னர் கிணறுகள் வழியே மேலே வருகிறது.

இனி மாணவர்களுக்கான பகுதி. ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு உண்டு. கழிவுநீரில் ஏறக்குறைய ஒரு கிராம். சவ்வூடு பரவல் அழுத்தம் கரைபொருளின் செறிவைப் பொறுத்தது. கடல்நீருக்கு அது சுமார் 27 வளிமண்டலம். கழிவுநீருக்கு ஒன்றுக்கும் குறைவு. நடைமுறையில் கடல்நீரை 60 வளிமண்டல அளவிலும், கழிவுநீரை 10 அல்லது சற்றுக் கூடுதலான அளவிலும் சவ்வின் மேல் அழுத்துகிறார்கள். அழுத்தத்தைக் கன அளவால் பெருக்கினால் வேலை. ஆயிரம் லிட்டரைத் தள்ள முன்னதற்கு 1.7 யூனிட் மின்சாரம், பின்னதற்கு 0.3 யூனிட்டே போதும். பம்பின் விரயம் தனி.

இந்தக் கணக்கு தெரிந்த கவுண்டியிலேதான், ஹண்டிங்டன் பீச் கடற்கரையில் நாளொன்றுக்குச் சுமார் 19 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்க ஒரு தனியார் நிறுவனம் இருபது ஆண்டுகளுக்கு மேல் முயன்றது. மழையை நம்ப வேண்டாம் என்பது அதன் வாதம். வாதத்தில் உண்மை உண்டு. ஆனால் சாக்கடையும் மழையைக் கேட்டு ஓடுவதில்லையே! மாநிலக் கடற்கரை ஆணையம் 2022 மே மாதத்தில் அத்திட்டத்தை ஒருமனதாக மறுத்தது. சரியான முடிவு என்றே கருதுகிறேன்.

குறைகளையும் சொல்ல வேண்டும். 2023 விரிவாக்கத்தோடு, மீட்கத்தக்க கழிவுநீர் முழுவதும் நிலையத்துக்கு வந்துவிட்டது. இதற்கு மேல் விரிக்க மூலப்பொருள் இல்லை. வீட்டுக்குள் மக்கள் நீரைச் சிக்கனமாகச் செலவிட்டால் சாக்கடையும் குறையும். சேமிப்பு செலவுப் பக்கத்தை மட்டுமல்ல, வரவுப் பக்கத்தையும் குறைக்கிறது. வறட்சிக் காலத்தில், நீர் மிகவும் தேவைப்படும்போதே இது நிகழும்.

இதைவிடப் பெரிய குறை எல்லைக் கோட்டில் இருக்கிறது. 2020-ஆம் ஆண்டில் கவுண்டியின் குடிநீர்க் கிணறுகளில் பல டஜன் மூடப்பட்டன. ஒட்டாத வாணலிப் பூச்சு, தீயணைப்பு நுரை முதலியவற்றில் பயன்பட்ட, எளிதில் சிதையாத ஃபுளூரின் சேர்மங்கள் அவற்றில் காணப்பட்டன. சவ்வு இவற்றை நன்றாகவே தடுக்கும். ஆனால் அவை சவ்வு வழியாக வரவில்லை. நிலத்தடி நீருக்கு ஊட்டம் தரும் சாண்டா ஆனா ஆறும் அவை வந்த வழி. கோடையில் அந்த ஆற்றில் ஓடுவதில் பெரும்பகுதி, மேற்புறத்திலுள்ள ரிவர்சைடு, சான் பெர்னார்டினோ கவுண்டிகள் சுத்திகரித்து விடும் கழிவுநீர். தன் சாக்கடையை இத்தனை கவனமாகக் கணக்கிட்ட கவுண்டி, பிறர் சாக்கடையைத் தன் நிலத்தில் இறங்கவிட்டுக் கொண்டிருந்தது.

அந்த மேற்புறக் கவுண்டிகளும் இப்போது தம் கழிவுநீரைத் தாமே மறுபடி பயன்படுத்த முற்பட்டிருக்கின்றன. ஆரஞ்சு கவுண்டிக்கு ஆறு கொண்டுவரும் கோடை நீர் அதனால் குறைந்திருக்கிறது.