வீட்டுத் தோட்டத்தை ரசிப்பது எப்படி?

வீட்டைச் சுற்றிக் கையகல நிலமேனும் வாய்த்தவர்களில் பலர், செடிகள் பூத்துக் குலுங்கும் நாட்களில் மட்டும் தோட்டத்தை நாடிச் சென்று, மற்ற நாட்களில் அதைத் தண்ணீர்க் குழாயின் தயவில் விட்டுவிடுகிறார்கள். ராக ஆலாபனையைக் கேளாமல், கச்சேரி முடியும் தறுவாயில் சபைக்கு வந்து உட்காருபவருக்கு எவ்வளவு ரசம் கிட்டுமோ, அவ்வளவே இவர்களுக்கும் கிட்டும். தோட்டத்தின் சௌந்தர்யம் ஏதோ ஒரு நாளில் குவிந்து கிடப்பதில்லை. ஆடி தொடங்கி ஆனி முடிய அது மாறிக்கொண்டே செல்லும் முறையில் இருக்கிறது. ஆகவே தோட்டத்தை ரசிக்க விரும்புகிறவர் முதலில் பழக வேண்டியது, எந்த மாதத்தில் எதைப் பார்ப்பது என்பதே.

நம் சமவெளிகளில் தோட்டத்துக்கு ஆண்டுப் பிறப்பு ஆடி மாதந்தான். ‘ஆடிப் பட்டம் தேடி விதை’ என்று முன்னோர் சொல்லி வைத்ததில் நுட்பமான கணக்கு ஒன்று அடங்கியிருக்கிறது: தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதியைக் கொண்டுவரும் வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் வந்து இறங்குவதற்குள், விதை முளைத்து, வேர் பிடித்து, கொடி பந்தலேறுவதற்கு அவகாசம் வேண்டும். பாத்தியைக் கொத்தி, மக்கிய சாண எருவும் சிறிது வேப்பம் புண்ணாக்கும் கலந்து, தோல் தடித்த பாகல், புடலை விதைகளை ஓர் இரவு நீரில் ஊறவைத்து, விதையின் பருமனைப் போல் இரண்டு மூன்று மடங்கு ஆழத்தில் ஊன்றி, பூவாளியால் மெல்ல நீர் தெளித்துவிட்டால் நம் பிரயாசை முடிந்தது, பார்வை தொடங்குகிறது.

நான்கைந்து நாட்களில் ஒரு காலை, அவரை ஊன்றிய இடத்தில் மண் மெல்ல வெடித்திருப்பதைக் காணலாம். அங்கே குனிந்து பார்க்க வேண்டும். முளை நிமிர்ந்து வருவதில்லை. கொக்கிபோல் வளைந்த தண்டின் முதுகே முதலில் மண்ணை முட்டித் திறக்கிறது. இளங்குருத்தைத் தாங்கிய தலையோ, கல்லும் கட்டியும் உராய்ந்து காயப்படாதபடி, பின்னால் தாழ்ந்தே வருகிறது. வெளிச்சம் பட்டபின் அந்த வளைவு நிமிர்ந்து, இரண்டு பருப்புகளும் விரிந்து, நடுவே முதல் இலை தலைகாட்டுகிறது. இந்தக் காட்சிக்குப் பத்துப் பூக்களை ஈடு கொடுக்கலாம்.

ஆவணியிலும் புரட்டாசியிலும் கொடிகள் ஏறும் விதத்தைக் கவனிப்பது தனி ஆனந்தம். அவரை தன் தண்டையே கொழுகொம்பில் சுற்றி ஏறும். ஒன்று எந்தப் பக்கமாகச் சுற்றுகிறதோ, தோட்டத்திலுள்ள அவரை அனைத்தும் அதே பக்கமாகத்தான் சுற்றும். புடலையும் பாகலும் பீர்க்கும் அவ்வாறின்றி மெல்லிய பற்றுக்கம்பிகளை நீட்டித் துழாவி, ஏதேனும் அகப்பட்டதும் நுனியால் பிடித்துக்கொண்டு, பிறகு நடுப்பகுதியைச் சுருட்டிக்கொள்கின்றன. அந்தச் சுருளைக் கூர்ந்து நோக்கினால், பாதி ஒரு திசையிலும் மீதி எதிர்த்திசையிலும் முறுகியிருப்பது தெரியும்; காற்று இழுக்கும்போது அறுந்து போகாமல் நீண்டு சுருங்குவதற்கு அதுவே உபாயம். சார்லஸ் டார்வின் 1865-ஆம் ஆண்டில் கொடிகளின் அசைவைப் பற்றி மட்டுமே ஒரு நீண்ட ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டார் என்றால், நாம் கால்மணி நேரம் பந்தலடியில் நிற்பது அதிகமாகாது.

ஐப்பசி, கார்த்திகை மழையில் கண்ணைப் புல்தரையின் பக்கம் திருப்ப வேண்டும். உதகமண்டலத்தில் 1848-ஆம் ஆண்டு உருவாகத் தொடங்கிய அரசினர் தாவரவியல் பூங்காவின் புல்வெளியைக் கண்டு மயங்கி, அதே பசுமை மதுரையிலும் திருச்சியிலும் பன்னிரண்டு மாதமும் வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் உண்டு. கடல் மட்டத்துக்கு 2,200 மீட்டருக்கு மேலுள்ள குளிரின் செல்வத்தைச் சமவெளியில் தேடுவது வீண். இங்கே நமக்கு வாய்த்தது அருகு. வெயிலை விரும்பி நிழலை வெறுக்கும் இந்தப் புல், மழைக்காலத்தில் தரைமேல் ஓடும் தண்டுகளை நாற்புறமும் விட்டு, கணுவுக்குக் கணு வேரூன்றிப் பரவுவதை நாள்தோறும் அளந்து பார்க்கலாம். அப்போது அடிக்கடி வெட்ட வேண்டும். ஆனால் ஒரு முறைக்குப் புல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டலாகாது. இடையே தலைநீட்டும் கோரையை, மண் ஈரமாயிருக்கும்போதே கிழங்கோடு களைந்தெடுக்க வேண்டும். மேலே கிள்ளினால் கிழங்கிலிருந்து மறுபடி கிளம்பும்.

மார்கழி, தோட்டத்தின் உச்ச காலம். அதை ரசிக்க விடியுமுன் எழுந்திருக்க வேண்டும். மழைக்கு முன்பின்னாக ஊன்றிய பூசணி, கிழக்கு வெளுக்கும் நேரத்தில் மலர்ந்து, வெயில் ஏறியதும் வாடிக் குவிந்துவிடும். ஆண் பூவுக்கு நீண்டு மெலிந்த காம்பு. உள்ளே மஞ்சள் தூள் படிந்த ஒற்றைத் தூண். பெண் பூவின் அடியிலோ நெல்லிக்காய் அளவில் ஒரு பிஞ்சு அப்போதே உருண்டிருக்கும். தேனீ வந்து போனால்தான் அந்தப் பிஞ்சு காயாகும். தேனீ வராத இடங்களில், ஆண் பூ ஒன்றைப் பறித்து இதழ்களை நீக்கி, அதன் தூளைப் பெண் பூவின் நடுவே மெல்லத் தடவி விடலாம். கோலத்தின் நடுவே சாணத்தில் செருகி வைக்கப் பூ பறிக்கும் பெண்கள், பிஞ்சில்லாத பூவாகப் பார்த்துப் பறித்தால் காய்க்குச் சேதமில்லை. இதே நாட்களில் வேலியோரம் டிசம்பர் பூ ஊதா நிறத்தில் நிறைந்திருக்கும். ஆடியில் ஊன்றிய நாட்டு அவரை இத்தனை மாதம் இலையாகவே தழைத்துவிட்டு, பகல் குறுகி இரவு நீளும் பருவத்தை உணர்ந்த பிறகே கொத்துக் கொத்தாகப் பூக்கும். “இன்னும் பூக்கவில்லையே” என்று புரட்டாசியில் உரத்தை அள்ளிப் போடுகிறவர், அவரையின் பஞ்சாங்கத்தை அறியாதவர்.

கோடையின் மல்லிகைக்கும் அஸ்திவாரம் மழைக்காலத்திலேயே இடப்படுகிறது. நவம்பர் கடைசியில் குண்டுமல்லிச் செடியை முழங்கால் உயரத்துக்குக் கவாத்து செய்து, அடியில் எருவிட்டு வைத்தவருக்கே பங்குனி முதல் கூடை நிறைய அரும்பு கிடைக்கும். மொட்டைக் குச்சிகளாக நிற்கும் அந்தச் செடியைக் கண்டு வருந்தாமல், தையிலும் மாசியிலும் கணுக்களில் துளிர் விம்முவதைப் பார்த்திருப்பவர், முதல் அரும்பின் மணத்தை முழு உரிமையோடு நுகரலாம். அந்த நாட்களில் அண்ணாந்து நோக்கினால், மாமரத்தில் பூங்கொத்துகள் நிமிர்ந்திருக்கும்.

அக்கினி நட்சத்திர நாட்களில் தோட்டம் அழிந்துவிட்டதாகப் பலரும் எண்ணுகிறார்கள். காலியான பாத்திகளுக்குச் சருகால் மூடாக்கு இட்டு, மண்ணை இளைப்பாற விடவேண்டிய காலம் அது. புல்லைச் சற்று உயரமாகவே விட்டு, மாலையில் நடந்து பார்க்க வேண்டும். மிதித்த புல் உடனே நிமிர்ந்தால் நீர் போதும், அடிச்சுவடு நெடுநேரம் பதிந்தே கிடந்தால் தாகம் என்று பொருள். அப்போது அதிகாலையில், வேர் நனையுமளவு ஆழமாக நீர் விட வேண்டும். நீர் கிடைக்காமல் பழுத்து மடிந்தாலும் அருகு அவ்வளவு எளிதில் சாவதில்லை. மண்ணுக்குள் ஓடும் தண்டுகளில் உயிரை ஒடுக்கிக்கொண்டு காத்திருந்து, கோடைமழை ஒன்று பெய்த சில தினங்களில் பச்சை காட்டுகிறது. மணமக்களை ‘ஆல்போல் தழைத்து அருகுபோல் வேரூன்றி’ வாழ்க என்று பெரியோர் வாழ்த்துவதன் பொருத்தம் அன்று பிரத்தியட்சமாகும்.

இந்த ரசனைக்குப் பரந்த நிலமோ அரிய செடிகளோ அவசியமில்லை. தினமும் காலையில் சிறிது நேரம், கையில் களைக்கொத்திகூட இல்லாமல், வெறுமனே தோட்டத்தைச் சுற்றி வருவதும், முதல் முளை, முதல் பூ, முதல் மழை ஆகியவற்றின் தேதிகளை ஒரு குறிப்பேட்டில் எழுதி வைப்பதும் போதும். மறு ஆண்டு அந்தக் குறிப்பேட்டைப் பிரித்தால், எந்த வாரத்தில் எந்தச் செடியின் அருகே நிற்க வேண்டும் என்று அதுவே சொல்லும். ஆடி வரட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. இப்போது நடப்பது எந்த மாதமானாலும், அந்த மாதத்துக்குரிய காட்சி ஒன்று நாளைக் காலையே தோட்டத்தில் இருக்கிறது.