ஜார்ஜ் கார்லின்: சாமானும் கனவும்

அமெரிக்க மேடை நகைச்சுவையாளர் ஜார்ஜ் கார்லின் (1937–2008) பெயரைச் சொன்னாலே பலரும் அனுப்பி வைப்பது ஒரே துண்டைத்தான். 2005-ல் எச்பிஓவில் வந்த 'லைஃப் இஸ் வொர்த் லூசிங்' நிகழ்ச்சியில் அமெரிக்கக் கனவைப் பற்றி அவர் பேசியது. நாட்டை ஆள்வது அரசியல்வாதிகள் இல்லை, சொத்து வைத்திருக்கும் ஒரு சிறு கூட்டம். அவர்களுக்கு யோசிக்கிற குடிமக்கள் வேண்டாம், இயந்திரத்தை ஓட்டத் தெரிந்த ஆட்கள் போதும் என்கிறார். கனவு காணணும்னா தூங்கணுமே என்ற பொருளில் ஒரு குத்தலோடு முடிக்கிறார்.

அபாரமான பேச்சுதான். ஆனா எனக்கு அதில் ஒரு குறை தெரிகிறது. கூட்டம் சிரிப்பதோடு நிற்காமல் கை தட்டுகிறது. கைதட்டல் என்றால் "கரெக்டா சொன்னே" என்று அர்த்தம். குற்றவாளி வேறு யாரோ. கேட்கிறவன் தப்பித்துவிடுகிறான்.

அவருடைய பழைய 'சாமான்' பேச்சில் அப்படித் தப்பிக்க முடியாது. 1981-ல் வந்த ஆல்பத்துக்கே அதுதான் பெயர். வீடு என்பது சாமான் போட்டு வைக்கிற இடம். பூட்டு போடுவது யாராவது அதை எடுத்துடக் கூடாதுன்னு. சாமான் பெருகினால் பெரிய வீடு வேணும். வெளியூர் போனாலும் அதில் கொஞ்சத்தைத் தூக்கிக்கிட்டுத்தான் போகிறோம். முதலாளி, அரசாங்கம், சதி எதுவுமே இதில் கிடையாது. நம்ம வீட்டுப் பரண் மட்டும்தான் இருக்கிறது. அதனால்தான் சிரிக்கிறோம், மாட்டிக்கிட்டோம்னு.

இதே பேச்சை 1986-ல் 'காமிக் ரிலீஃப்' மேடையிலும் பேசினார். அது வீடில்லாதவர்களுக்காக நிதி திரட்டிய நிகழ்ச்சி! வீடு சாமானுக்குத்தான் என்று அந்த மேடையில் சொல்லும்போது, மனுஷனுக்கு ஏன் இடமில்லை என்ற கேள்வி தானாக எழுகிறது. அவர் அதைக் கேட்கவே வேண்டியதில்லை.

இன்னொன்றும் சொல்லணும். இவருடைய 'ஏழு வார்த்தைகள்' பேச்சை வானொலி ஒலிபரப்பிய வழக்கில், 1978-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5-4 என்று கட்டுப்பாட்டின் பக்கம் நின்றது. எச்பிஓ சந்தா கட்டிப் பார்க்கும் கேபிள் சேனல். அந்தக் கட்டுப்பாடும் இல்லை, விளம்பரதாரர் தயவும் தேவையில்லை. நுகர்வைத் திட்டுவதற்கான சுதந்திரமும் ஆக, காசு கொடுத்து வாங்கிய சரக்குதான்.

2005 பேச்சு ஒரு கருத்தைத் தருகிறது. அதைப் பகிர்ந்துவிட்டு நிம்மதியாகப் படுத்துவிடலாம். 'சாமான்' பேச்சைக் கேட்ட பிறகு அலமாரியைத் திறக்கவே கொஞ்சம் கூச்சமாக இருக்கும். விமர்சனம் என்று நான் எடுத்துக்கொள்வது இரண்டாவதைத்தான்.