வாடகை ஒப்பந்தம் போட முடியாத வயது

1983 மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரு பள்ளிச் சிறுவனின் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. டெக்சஸ் மாநிலத்து மெக்காலன் நகரில் பிறந்தவன் என்பதால் அவன் அமெரிக்கக் குடிமகன். பெற்றோர் மெக்சிகோ நாட்டவர். எல்லைக்கு அப்பால் ரெய்னோசாவில் வசித்தார்கள். 1977-இல் அவன் மெக்காலனில் இருந்த அக்கா வீட்டில் தங்கிப் படிக்க வந்தான். கட்டணமின்றிச் சேர்த்துக்கொள்ள உள்ளூர்ப் பள்ளி நிர்வாகம் மறுத்தது. பெற்றோரையும் சட்டப்படியான பாதுகாவலரையும் பிரிந்து வாழும் சிறார், முதன்மையாகப் படிப்புக்காகவே ஊருக்கு வந்திருந்தால் அவர்களை இலவசமாகச் சேர்க்க வேண்டியதில்லை என்று டெக்சஸ் சட்டம் சொன்னது. ‘மார்டினெஸ் எதிர் பைனம்’ என்ற அந்த வழக்கில் ஒன்பது நீதிபதிகளில் எட்டுப் பேர் சட்டம் செல்லும் என்றார்கள். தர்குட் மார்ஷல் ஒருவர் மட்டும் உடன்படவில்லை.

பிள்ளையைத் தாத்தா பாட்டியிடமோ சித்தப்பா வீட்டிலோ விட்டுப் படிக்கவைப்பது நம் குடும்பங்களில் வெகு சாதாரணம். அந்த ஏற்பாட்டையே ஒரு சட்டம் சந்தேகத்தோடு பார்ப்பது தமிழ் வாசகருக்குக் கடுமையாகத்தான் படும். ஆனாலும் அந்தச் சந்தேகத்துக்கு ஒரு நியாயம் இருக்கிறது. அதை முதலில் ஒப்புக்கொள்ளாமல் இந்த நடைமுறையை எடைபோட முடியாது.

அமெரிக்காவில் பள்ளிக்கல்வியும் அரசுப் பல்கலைக்கழகங்களும் பெருமளவுக்கு உள்ளூர், மாநில வரிப்பணத்தில் நடப்பவை. மாநிலவாசிக்கு ஒரு கட்டணம், வெளியாருக்கு வேறு கட்டணம் என்ற ஏற்பாடு இதிலிருந்து பிறக்கிறது. வித்தியாசமும் சிறியதல்ல. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் 2025-26 கல்வியாண்டில் புதிதாகச் சேரும் வெளிமாநில இளங்கலை மாணவர், எல்லோரும் கட்டும் கட்டணத்துக்கு மேல் 37,602 டாலர் கூடுதலாகக் கட்ட வேண்டும். இவ்வளவு பெரிய தொகை ஒரு முகவரியைப் பொறுத்து நிற்கும்போது, முகவரியை விலைக்கு வாங்க ஆள் வரத்தான் செய்யும். இலினாய் மாநிலத்தில் வசதியுள்ள சில பெற்றோர், கல்லூரிக்குப் போகவிருந்த தங்கள் பிள்ளைகளின் பாதுகாவலர் பொறுப்பை உறவினருக்கும் நண்பருக்கும் நீதிமன்றம் மூலம் மாற்றிக் கொடுத்ததை 2019-இல் ‘புரோபப்ளிகா’ செய்தி நிறுவனம் வெளிக்கொண்டுவந்தது. பெற்றோரின் வருமானம் கணக்கில் வராமல் போனதால், ஏழை மாணவருக்கான உதவித்தொகைக்கு அந்தப் பிள்ளைகள் தகுதி பெற்றார்கள். அங்கே நடந்தது வசிப்பிட மோசடி அல்ல, உதவித்தொகை தொடர்பானது. ஆனால் பெற்றோரைப் பிரிந்து நிற்கும் பிள்ளைக்காகத் திறந்துவைத்த வாசலில் யாரெல்லாம் நுழையப் பார்ப்பார்கள் என்பதை அது காட்டிவிட்டது.

ஆகவே சான்று கேட்பது மாநிலத்தின் உரிமை. உச்ச நீதிமன்றமும் 1973-இல் ‘விலாண்டிஸ் எதிர் கிளைன்’ வழக்கில் இதை ஒப்புக்கொண்டது. கூடவே ஓர் எல்லையும் வகுத்தது. கனெக்டிகட் மாநிலம், விண்ணப்பிக்கும் நேரத்தில் வெளிமாநில முகவரி இருந்தால் படிப்பு முடியும்வரை அந்த மாணவர் வெளியாள்தான் என்று விதி செய்திருந்தது. அம்மாநிலத்தவரை மணந்து, அங்கேயே குடியேறி, அங்கேயே வாக்காளராகப் பதிந்து, அங்கேயே ஓட்டுநர் உரிமம் பெற்ற பெண்ணுக்கும் அதே பதில். நான் இங்கேதான் வாழ்கிறேன் என்று நிரூபிக்க வாய்ப்பே தராத விதி செல்லாது என்றது நீதிமன்றம். இந்தியாவிலும் இதே வாதம் அதற்கு முன்பே எழுந்திருக்கிறது: இந்தூர் மருத்துவக் கல்லூரியில் மாநிலவாசி அல்லாதவருக்கு மட்டும் தனிக் கட்டணம் வசூலித்ததை, டி.பி. ஜோஷி வழக்கில் 1955-இல் நம் உச்ச நீதிமன்றப் பெரும்பான்மை ஏற்றுக்கொண்டது. கேள்வி கேட்பதில் பிழை இல்லை. பிழை, பதினாறு வயதுப் பிள்ளையிடம் எதைச் சான்றாகக் கேட்கிறார்கள் என்பதில் இருக்கிறது.

சட்டத்தின் அடிப்படை இது: வயதுவராத பிள்ளைக்குத் தனி வசிப்பிடம் கிடையாது, பெற்றோரின் வசிப்பிடமே அதன் வசிப்பிடம். இந்தக் கோட்பாடு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 1989-இல் சாக்டா பழங்குடியினர் தொடுத்த ‘ஹோலிஃபீல்டு’ வழக்கு சாட்சி. மிசிசிப்பியில் பழங்குடி நிலப்பகுதிக்கு வெளியே பிறந்து, அங்கே ஒருநாளும் கால்வைத்திராத இரட்டைக் குழந்தைகளின் வசிப்பிடம், பெற்றோர் அங்கே வசித்ததால், அந்த நிலப்பகுதிதான் என்று தீர்ப்பானது. தத்துக்கொடுக்கப்பட்ட அந்தக் குழந்தைகள் தொடர்பான அதிகாரத்தைப் பழங்குடி நீதிமன்றத்திடம் நிறுத்திவைத்து, ஒரு சமூகத்தின் உரிமையைக் காத்த தீர்ப்பு அது. அதில் எனக்கு மாறுபாடு இல்லை. கைக்குழந்தைக்கு இந்த விதி பொருந்தும். ஆனால் மாற்றாந்தகப்பனின் அடிக்குத் தப்பி ஒஹாயோவிலிருந்து இந்தியானாவில் உள்ள அத்தை வீட்டுக்கு வந்து, இரண்டு வருடமாக அங்கேயே பள்ளிக்குப் போகும் பெண் ஒருத்தியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அவளையும் ஒஹாயோக்காரி என்றே எழுதிக்கொள்ளும் இந்த விதி. வாழ்க்கை ஒரு மாநிலத்தில், சட்டப்படியான முகவரி இன்னொரு மாநிலத்தில்.

எந்த வயதில் இந்தப் பிடி விடும் என்பதும் ஊருக்கு ஊர் மாறுகிறது. பெரும்பாலான மாநிலங்களில் 18 வயது, அலபாமாவிலும் நெப்ராஸ்காவிலும் 19, மிசிசிப்பியில் 21. டெக்சஸில் பெரியவராக எழுந்து மிசிசிப்பியில் சிறுவராகப் படுக்கைக்குப் போகலாம்.

விதிவிலக்கு கேட்டு வரும் பிள்ளையிடம் அலுவலகங்கள் வழக்கமாகக் கேட்பவை: வாடகை ஒப்பந்தம், மின்கட்டண ரசீது, வங்கிக் கணக்கு விவரம், வாக்காளர் பதிவு, வருமான வரிக் கணக்கு, ஓட்டுநர் உரிமம். ஒவ்வொன்றையும் பதினாறு வயதின் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும். வயதுவராதவர் போட்ட ஒப்பந்தத்தை அவரே பின்னால் மறுத்துவிடலாம் என்பது சட்டம். அதனால் எந்த வீட்டுக்காரரும் அவர் பெயருக்கு வீடு விடமாட்டார். வீடு அவர் பெயரில் இல்லாதபோது மின் இணைப்பும் அவர் பெயரில் வராது. வாக்குரிமைக்கு 18 ஆக வேண்டும். ஓட்டுநர் உரிமத்துக்குப் பொதுவாகப் பெற்றோர் அல்லது பாதுகாவலரின் கையெழுத்து வேண்டும். அந்தக் கையெழுத்துத்தான் இந்தப் பிள்ளையிடம் இல்லை. அடையாள அட்டைகளுக்காக 2005-இல் இயற்றப்பட்ட ரியல் ஐடி சட்டம் 2025 மே மாதம் விமான நிலையங்களில் நடைமுறைக்கு வந்திருக்கிறது. அந்த அடையாள அட்டைக்கு முகவரியைக் காட்டும் இரண்டு ஆவணங்கள் தேவை. அட்டைக்கு ஆவணம் வேண்டும், ஆவணத்துக்கு அட்டை வேண்டும் என்ற வட்டத்துக்குள் பிள்ளை நிற்கிறது. வீட்டுக்காரர் எழுதித்தரும் உறுதிமொழியைப் பல மாநிலங்கள் ஏற்கின்றன என்பது உண்மை. ஆனால் அதைத் தர முன்வரும் ஒரு பெரியவர் வேண்டும். வாடகை ஒப்பந்தத்தை மீறிக் கூடுதலாக ஓர் ஆளைத் தங்கவைத்திருக்கும் குடும்பம் அப்படிக் கையெழுத்துப் போட்டால் தன் கூரைக்கே ஆபத்தைத் தேடிக்கொள்ளும்.

பெற்றோரின் அதிகாரத்திலிருந்து நீதிமன்றத்தின் மூலம் விடுபடுவது இன்னொரு வழி. கலிபோர்னியாவில் 14 வயதிலேயே இதற்கு மனுச் செய்யலாம். பெற்றோரின் சம்மதத்துடனோ அவர்கள் தடுக்காத நிலையிலோ தனியே வாழ்வதையும், தன் பணவிவகாரத்தைத் தானே பார்த்துக்கொள்வதையும் பிள்ளை காட்ட வேண்டும். மறுபுறம், பள்ளி நாட்களில் 14, 15 வயதினர் நாளுக்கு 3 மணிநேரம், வாரத்துக்கு 18 மணிநேரம் மட்டுமே வேலை செய்யலாம் என்று கூட்டரசின் தொழிலாளர் சட்டம் வரம்பு கட்டியிருக்கிறது. குழந்தை உழைப்பைத் தடுக்கும் நல்ல சட்டம் அது, தளரக் கூடாது. ஆனால் சம்பாதிக்க ஒரு சட்டம் வரம்பு வைத்துவிட, சொந்தக் காலில் நிற்பதைக் காட்டு என்று இன்னொரு சட்டம் கேட்கிறது. இந்த முரணைத் தீர்க்கும் பொறுப்பு பிள்ளையின் தலையில் விழுகிறது.

நோக்கத்தைச் சோதிக்கும் விதி இதைவிட வலுவற்றது. படிப்புக்காக வந்தாயா, வாழ்வதற்காக வந்தாயா என்ற கேள்வி வளர்ந்தவரிடம் கேட்கத்தக்கது. பதினைந்து வயதுப் பிள்ளை எந்த ஊருக்குப் போனாலும் பள்ளிக்குப் போயாக வேண்டும். கட்டாயக் கல்விச் சட்டமே அனுப்புகிறது. அந்த வயதில் வாழ்வதும் படிப்பதும் இரண்டு நோக்கங்கள் அல்ல. மார்டினெஸ் வழக்கில் கல்வியைத் தேடி வந்த பிள்ளைகளை மட்டும் பிரித்து மறுப்பதை மார்ஷல் ஏற்காதது சரி என்றே நினைக்கிறேன். பள்ளி மாவட்டங்களின் சுமை பற்றிய பெரும்பான்மையின் கவலை உண்மையானது. அந்தச் சுமையை ஒரு சிறுவனின் மனதுக்குள் இருக்கும் நோக்கத்தைத் துருவித் தீர்க்க முடியாது என்பதும் உண்மை.

பெற்றோரின் நிலையைப் பிள்ளைமேல் ஏற்றுவது எங்கே கொண்டுபோய் விடும் என்பதைப் புளோரிடா காட்டியது. அங்கேயே வளர்ந்த அமெரிக்கக் குடிமக்களான மாணவர்கள், பெற்றோரின் குடியேற்ற ஆவணத்தைக் காட்ட முடியாததால், வெளிமாநிலக் கட்டணம் கட்டச் சொல்லப்பட்டார்கள். 2012-இல் ‘ருயிஸ் எதிர் ராபின்சன்’ வழக்கில் கூட்டரசு மாவட்ட நீதிமன்றம் அந்த விதியைச் சமத்துவத்துக்கு எதிரானது என்று ரத்துசெய்தது.

கடுமையான விதிகளுக்கு நடுவே, இந்த வயதின் உண்மையை உணர்ந்து எழுதப்பட்ட சில பிரிவுகளும் உண்டு. கலிபோர்னியாவின் கல்விச் சட்டத்தில் ஒன்று, பெற்றோர் அல்லாத வேறொரு பெரியவரின் நேரடிப் பராமரிப்பில் தொடர்ந்து இரண்டு ஆண்டு வாழ்ந்த மாணவரை, அந்தப் பெரியவர் ஓராண்டாவது அம்மாநிலவாசியாக இருந்தால், மாநிலவாசியாக ஏற்கிறது. இரத்த உறவு கேட்பதில்லை. நீதிமன்றத் தாளும் கேட்பதில்லை. புளோரிடா இதைப் போன்ற சலுகையை உறவினர் வீட்டில் வளர்ந்தவருக்கு மட்டுமே தருகிறது. நண்பனின் தாய் அடைக்கலம் தந்தால் அது கணக்கில் வராது. இரண்டில் கலிபோர்னியாவின் வழியே மேலானது. வீட்டை விட்டு வெளியேறும் பிள்ளைக்கு உறவினர் வீடு பல நேரம் மூடியிருக்கும். திறந்திருப்பது சகமாணவனின் வீடாக இருக்கும்.

கலிபோர்னியாவின் அதே கல்விச் சட்டத்தில் இன்னொரு பிரிவு நம்மவர்களுக்கும் பயன்படக்கூடியது. சான் ஹோசேயில் இருந்த குடும்பம் வேலை மாற்றத்தால் டெக்சஸுக்குப் போகிறது. பன்னிரண்டாம் வகுப்பில் இருக்கும் மகளைத் தெரிந்த தமிழ்க் குடும்பத்தோடு விட்டுச்செல்கிறது. கலிபோர்னியாவில் நிலைவாசிகளாக இருந்த பெற்றோர் வெளியேறினாலும், அங்கேயே தங்கிவிட்ட வயதுவராத பிள்ளை, கல்லூரியில் இடைவிடாமல் படித்தால், தானே மாநிலவாசியாகத் தகுதிபெறும் காலம்வரை அந்தத் தகுதியை இழப்பதில்லை. இதை அறியாமல் முழுக் கட்டணத்தையும் கட்டிவிடக் கூடாது.

2001-இல் டெக்சஸும் கலிபோர்னியாவும் கொண்டுவந்த சட்டங்களை நான் இன்னும் முக்கியமாகக் கருதுகிறேன். மாநிலத்தில் மூன்று ஆண்டு இருந்து அங்கே உயர்நிலைப் பள்ளியை முடித்தவருக்கு உள்ளூர்க் கட்டணம் என்பது அவற்றின் சாரம். ஆவணமற்ற குடியேறிகளின் பிள்ளைகளுக்காக எழுதப்பட்டவை என்றே அவை அறியப்பட்டன. 2025 ஜூனில் டெக்சஸில் அந்தப் பிள்ளைகளுக்கான பகுதி நீதிமன்ற உத்தரவால் நின்றும்போனது. ஆனால் அந்த அளவுகோலின் நேர்மை எல்லா மாணவருக்கும் பொதுவானது. பாதுகாவலர் பத்திரத்தை ஒரு மாதத்தில் வாங்கிவிடலாம். மூன்று ஆண்டின் வருகைப் பதிவேட்டை யாரும் வாங்க முடியாது. மோசடியைத் தடுப்பதற்கும் இதுவே வலுவான சான்று. இதன் குறை, காலம். பதினாறரை வயதில் வந்து சேர்ந்த பிள்ளைக்கு மூன்று ஆண்டு மீதமில்லை. ஒரு வருடப் பள்ளிப் பதிவோடு, வளர்ப்பவரின் உறுதிமொழியையும் பள்ளி ஆலோசகரின் கடிதத்தையும் சேர்த்து ஏற்பதே நியாயம்.

பள்ளி அளவில் இதைவிடத் தெளிவான ஏற்பாடு ஏற்கெனவே இருக்கிறது. 1987-இல் வந்த மெக்கின்னி-வென்டோ சட்டம், பின்னர் வந்த திருத்தங்களோடு, நிலையான வீடற்ற பிள்ளையை வசிப்பிடச் சான்றோ பழைய பள்ளியின் ஆவணமோ இல்லாவிட்டாலும் உடனே சேர்த்துக்கொள்ளச் சொல்கிறது. வீடற்றுப் பெற்றோரோடும் இல்லாத பிள்ளைகளும், வீடிழந்து அடுத்தவர் வீட்டில் ஒண்டியிருப்பவர்களும் இதில் அடக்கம். ஒவ்வொரு பள்ளி மாவட்டத்திலும் இதற்கென ஒரு தொடர்பு அலுவலர் இருக்க வேண்டும். முதலில் வகுப்பறை, பிறகு தாள் என்ற இந்த வரிசைதான் சரியான வரிசை. ஆனால் பள்ளிப் படிப்பு முடிந்ததும் இந்தப் பாதுகாப்பும் முடிந்துவிடுகிறது.

கல்லூரி வாசலில் நிலைமை இப்படி இருக்கிறது. கூட்டரசின் கல்வி உதவிக்கு 24 வயதுக்குக் கீழ்ப்பட்டவர் பொதுவாகப் பெற்றோரைச் சார்ந்தவராகவே கொள்ளப்படுவார். 2007-இல் வந்த சட்டம், துணையின்றி வீடற்று வாழும் இளையோரை அதிலிருந்து விலக்கியது. உதவி விண்ணப்பத்தை எளிமையாக்க 2020-இல் இயற்றப்பட்ட சட்டம் இன்னும் ஒரு படி போய், பள்ளி மாவட்டத் தொடர்பு அலுவலரோ காப்பக இயக்குநரோ அளிக்கும் உறுதியைக் கல்லூரியின் உதவித்தொகை அலுவலகம் ஏற்க வேண்டும் என்றது. ஆனால் மாநிலவாசிக் கட்டணத்தை முடிவுசெய்யும் அலுவலகத்தை அது கட்டுப்படுத்தாது. ஒரே மாணவி, ஒரே கல்லூரி. ஓர் அலுவலகம் அவள் பெற்றோரின்றி வாழ்வதை ஒரு கடிதத்தின் பேரில் நம்புகிறது. அடுத்த அலுவலகம் அவளைப் பார்த்தேயிராத தகப்பனின் வரிக் கணக்கைக் கேட்கலாம். உதவித்தொகை அலுவலகம் ஏற்ற உறுதியை வசிப்பிட அலுவலகமும் ஏற்க வேண்டும் என்று ஒவ்வொரு மாநிலச் சட்டமன்றமும் ஒரு பிரிவு சேர்த்தால் போதும். அதற்குத் தனி நிதியோ புதிய விசாரணையோ தேவையில்லை. சரிபார்க்கப்பட்ட கடிதம் ஏற்கெனவே அந்தக் கல்லூரியின் கோப்பில் இருக்கிறது.