ஒரு சர்வர், ஐந்து திரை: எந்த டெஸ்க்டாப் தாங்கும்?

அரிமளத்தில் போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் கூடும் அறையில் ஐந்து பழைய கணினிகள் துணி போர்த்திக் கிடந்தன. எல்லாவற்றிலும் ஹார்டு டிஸ்க் போய்விட்டது. ராம் ஒவ்வொன்றிலும் ஒரு ஜிபிதான். காயலான் கடைக்குப் போட மனம் வரவில்லை. 8 ஜிபி ராம் உள்ள ஒரு கணினியில் டெபியன் ஏற்றிச் சர்வராக்கினேன். 1999-ல் தொடங்கிய எல்டிஎஸ்பி திட்டத்தின் மென்பொருள், டிஸ்க் இல்லாத பெட்டிகளை நெட்வொர்க் வழியே பூட் செய்துவிடும். பிறகு எக்ஸ்2கோ என்ற மென்பொருள், சர்வரின் டெஸ்க்டாப்பைத் திரைக்குக் கொண்டுவரும். வேலையெல்லாம் சர்வரில் நடக்கும். பழைய பெட்டி திரையையும் கீபோர்டையும் மட்டும் பார்த்துக்கொள்ளும்.

ஒருவர் மட்டும் புழங்கும் லேப்டாப்புக்கு டெஸ்க்டாப் தேர்ந்தெடுப்பது வேறு, இது வேறு. இங்கே பின்னணியில் ஓடும் ஒவ்வொரு சின்ன புரோகிராமும் ஐந்து முறை ஓடும். கம்பியையும் மறக்கக் கூடாது. 1366×768 திரையின் ஒரே ஒரு படம், சுருக்காமல் அனுப்பினால், சுமார் 25 மெகாபிட். 100 எம்பிபிஎஸ் சுவிட்சில் நொடிக்கு நாலு படம் போனாலே வழி அடைத்துவிடும். எக்ஸ்2கோ சுருக்கித்தான் அனுப்புகிறது. ஆனாலும் நிழல், மங்கல், நழுவி வரும் விண்டோ எல்லாம் இங்கே வீண் சுமை. இன்றைய க்னோம் 3டி வசதியை நம்பி நிற்பதால் எக்ஸ்2கோவோடு ஒத்துப்போவதில்லை. அதை ஆரம்பத்திலேயே ஒதுக்கிவிட்டேன்.

நான் பார்த்தவற்றில் மிக லேசானது ஐஸ்டபிள்யூஎம். ஆனால் அது விண்டோக்களை மேய்க்கும் மென்பொருள் மட்டுமே. ஃபைல் மேனேஜர்கூட நாம்தான் சேர்க்க வேண்டும். முதல்முறை மவுஸ் பிடிக்கிற பிள்ளையை அதன் முன்னால் உட்காரவைக்க எனக்கு மனமில்லை. எல்எக்ஸ்க்யூடி டெஸ்க்டாப் துள்ளலாகவே ஓடியது. அது க்யூடி நூலகங்களில் எழுதப்பட்டது. பயர்பாக்ஸோ ஜிடிகே நூலகங்களைக் கேட்கும். ஆக இரண்டும் நினைவகத்தில் ஏறும். எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டாப்போ பயர்பாக்ஸைப் போல ஜிடிகேயில் எழுதப்பட்டது. ஒரே நூலகத்தை ஐந்து பேர் திறந்தாலும் லினக்ஸ் அதன் மாறாத பகுதியை ஒருமுறைதான் நினைவகத்தில் வைக்கும். பகிர்ந்து புழங்கும் சர்வரில் இது பெரிய லாபம். அதனால் எக்ஸ்எஃப்சிஇயையே வைத்துக்கொண்டேன், நிழல் போடும் அதன் கம்போசிட்டரை அணைத்துவிட்டு.

முதல் வாரமே, "அண்ணே, கீழே இருந்த பட்டையைக் காணோம்" என்று ஒரு பிள்ளை கூப்பிட்டாள். கைதவறி பேனலையே நீக்கியிருந்தாள். இதற்கென்றே எக்ஸ்எஃப்சிஇயில் கியாஸ்க் அமைப்பு இருக்கிறது; பேனலை மாற்றும் உரிமையை நிர்வாகிக்கு மட்டும் விட்டுவிடலாம். பொது இடத்தில் இதை முதல் நாளே செய்துவிட வேண்டும்.

இன்னொரு கோளாறு பிடிபட நாளாயிற்று. மாலையில் சர்வர் நொண்டும். பிள்ளைகள் லாக் அவுட் செய்யாமல் பெட்டியின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போவார்கள். எக்ஸ்2கோவைப் பொறுத்தவரை அது முடிவல்ல, இடைநிறுத்தம். திறந்த பிரவுசரோடு பழைய அமர்வு சர்வரில் அப்படியே கிடக்கும். மின்வெட்டு வந்தால் பாதி எழுதிய பக்கம் பிழைப்பது இதே வசதியால்தான் (சர்வருக்கு மட்டுமாவது யூபிஎஸ் அவசியம்), அதனால் அடியோடு எடுக்கவில்லை. இரவில் கதவு பூட்டும் நேரத்தில் மிச்ச அமர்வுகளை முடிக்கும் சிறு ஸ்கிரிப்ட் ஒன்றைப் போட்டேன்.

தமிழ் தட்டச்சில் கஞ்சம் பிடிக்கக் கூடாது. தட்டச்சுக்கான ஐபஸ் மென்பொருள் ஆளுக்கொன்று ஓடுவது நினைவகத்துக்குச் சுமைதான். ஆனால் அதில் கிடைக்கும் தமிழ்99 விசைப்பலகை முறையில் 'க'வை இரண்டு முறை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழும். ஐந்து பேருக்கும் அதை ஓடவிட்டிருக்கிறேன்.

பிரவுசர் மட்டும் எந்த டெஸ்க்டாப்பாலும் லேசாவதில்லை. ஐந்து பேரும் வீடியோ பாடம் திறந்தால் இந்தச் சர்வர் தாங்காது. 2 ஜிபி ராம் உள்ள பெட்டி கிடைத்தால், எல்டிஎஸ்பியில் பிரவுசரை அந்தப் பெட்டியிலேயே ஓடவிடலாம். அடுத்து அப்படி இரண்டு பெட்டி தேடிக்கொண்டிருக்கிறேன்.